வானொலியும் நகைச்சுவையும்

சென்னை மாநகரின் தென்பகுதியில் உள்ளது கிண்டி. புள்ளிமானும் வெளிமானும் உலவும் சிறுகாடு ஒருபுறம். ஆளுநர் உறையும் மாளிகை ஒருபுறம். 1958ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தொழிற்பேட்டை ஒருபுறம். 1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிப் பின்னர்க் கிண்டிக்கு வந்து, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாக விளங்கும் பொறியியற் கல்லூரி ஒருபுறம். இப்பல்கலைக்கழக வளாகத்தில் 2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாளன்று ஒரு சிறு வானொலி நிலையம் தன் குரலை எழுப்பிற்று. இந்திய நாட்டில் ஒரு கல்வி வளாகத்தினின்று ஒலித்த முதற் சமுதாய வானொலி அதுவே. அதன் அலைகள் நெடுந்தொலைவு செல்வன அல்ல. சுற்றிலும் சில கல் தொலைவே எட்டுவன. ஆயினும், அண்மையிலுள்ள குடியிருப்புகளில் வாழும் மகளிரும், கல்லூரி மாணவரும் ஒலிவாங்கியின்முன் அமர்ந்து பேசும் வாய்ப்பினை அஃது அளித்தது.

ஒலிவாங்கியின்முன் முதன்முதலாக அமரும் இளைஞர் ஒருவரை நோக்கி, 'நீ யாது செய்ய விரும்புகின்றாய்?' என்று வினவினால், 'கேட்பாரைச் சிரிக்க வைக்க விரும்புகின்றேன்' என்னும் விடையே பெரும்பாலும் வரும். இவ்விருப்பம் இழிந்ததன்று. காலை முதல் மாலை வரை உழைத்து அலுத்தவர் ஒருகணம் வாய்விட்டுச் சிரிப்பாராயின், அதனை உண்டாக்கியவர் ஒரு நற்செயல் செய்தவரே ஆவர். ஆனால், யாரைப் பொருளாகக் கொண்டு சிரிக்க வைப்பது என்னும் வினா அவ்விளைஞர் உள்ளத்தில் எழுதல் அரிது. வானொலியில் நகைச்சுவை பேசும் ஒருவர் நெடுநாள் நிலைத்து நிற்பதும், சின்னாளில் சலித்துப் போவதும் இவ்வொரு வினாவிற்கு அவர் தரும் விடையைப் பொறுத்தனவே. இதனை வெறுங் கொள்கையாகக் கூறுவதினும், ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு காட்டுதல் நன்று. அவர்தாம் 'இன்று ஒரு தகவல்' என்னும் காலை நிகழ்ச்சியால் தமிழ்நாடெங்கும் அறியப்பெற்ற தென்கச்சி கோ. சுவாமிநாதன்.

வானொலி சென்னைக்கு வந்த வரலாறு நெடியது. அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. 1924ஆம் ஆண்டில் கிருட்டிணசாமி செட்டியார் என்னும் பெருமகனாரின் முயற்சியால் ஒரு வானொலிக் கழகம் இந்நகரில் தோன்றியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அஃது ஓய்ந்தது. 1930 முதல் மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்திற்று. 1938ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பெற்றது. அறிஞர் பலர் அதன்வழிப் பேசினர். ஆயினும், மேடையிற் பழகிய நாவிற்கு வானொலி எளிதில் வசப்படுவதில்லை. மேடையில் ஆயிரவர் ஒருங்கிருந்து கேட்கின்றனர், ஒருவர் சிரித்தால் அச்சிரிப்பு அடுத்தவரைப் பற்றிக்கொள்ளும், கையொலி எழும், பேசுவோரின் முகமும் கையும் சொல்லுக்குத் துணைபுரியும். வானொலியிலோ இத்துணைகளுள் ஒன்றேனும் இல்லை. கேட்பவர் அடுக்களையில் தனித்து நிற்கும் ஒரு தாய். முகம் மழித்துக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தர். கடையைத் திறந்து பெருக்கும் ஒரு சிறுவன். ஒவ்வொருவரும் தனியர். தனித்திருப்பவரைச் சிரிக்க வைத்தல், கூட்டத்தைச் சிரிக்க வைத்தலினும் பன்மடங்கு அரியது. இதனை அறியாது மேடைக் குரலோடு வானொலிக்கு வந்து தோற்றவர் பலர்.

தென்கச்சியார் மேடையிலிருந்து வந்தவரல்லர், வயலிலிருந்து வந்தவர். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள தென்கச்சிப் பெருமாள்நத்தம் என்பது அவருடைய ஊர். தம் பெயரின் முன் ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டமையால், அச்சிற்றூரின் பெயர் குமரி முதல் சென்னை வரை வீடுதோறும் ஒலித்தது. அவர் வேளாண்மைக் கல்வி பயின்று பட்டம் பெற்றவர். சொந்த ஊரிலேயே பயிர்த்தொழில் செய்தவர். ஊராட்சி மன்றத் தலைவராகவும் இருந்தவர். 1977ஆம் ஆண்டில் வானொலிப் பணியிற் சேர்ந்து, திருநெல்வேலி நிலையத்தில் உழவர்க்கான நிகழ்ச்சிகளை அமைக்கும் பொறுப்பினை ஏற்றார்.

உழவர்க்கான வானொலி நிகழ்ச்சி என்பதனைச் சிறியதாக எண்ணலாகாது. 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்வகையைத் தஞ்சை மாவட்டத்து உழவர்கள் வானொலி வாயிலாகவே பெரிதும் அறிந்துகொண்டனர். அதனால் அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு வழங்கினர். ஒரு நெல்லுக்குப் பெயர் சூட்டுமளவு மக்கள் வானொலியை நம்பினர் என்பது இதனால் விளங்கும். அந்நம்பிக்கையே உழவர் நிகழ்ச்சியின் முதற்பொருள். உழவரிடம் பேசுவோர் பொய்யாக ஒன்றைக் கூறிவிடுதல் இயலாது. கூறிய விதை முளைக்கவில்லையெனில் அடுத்த வாரமே மடல் வரும். அறிவு மிக்கவர் போலப் பேசுதலும் இயலாது. மண்ணைப் பற்றி உழவர் அறிந்ததில் பாதியும் நூல்களில் இல்லை. ஆதலின், உழவரோடு பேசிப் பழகியவர் குரலைத் தாழ்த்திப் பேசவும், தம்மை ஒருபடி குறைத்துக்கொண்டு பேசவும் தாமாகவே கற்றுக்கொள்வர். தென்கச்சியாரின் நகைச்சுவைக்கு வித்து இங்கேதான் இடப்பட்டது என்று கருதுதற்கு இடமுண்டு.

பின்னர் அவர் சென்னை நிலையத்திற்கு மாற்றப்பெற்றார். 1988ஆம் ஆண்டில் 'இன்று ஒரு தகவல்' தொடங்கிற்று. அலுவலுக்கும் பள்ளிக்கும் மக்கள் புறப்படும் காலை வேளையில், சில நிமிட அளவே நிகழும் உரை அது. அக்காலத்தில் தொலைக்காட்சி பல இல்லங்களுக்கு வந்துவிட்ட போதிலும், காலைப்பொழுது வானொலிக்கே உரியதாக இருந்தது. தாம்பரத்திலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வந்த மின்தொடர் வண்டிகள் கிண்டி நிலையத்தில் தொழிலாளரை இறக்கிவிடும் நேரம். தேநீர்க் கடைகளில் பலகைமேல் வைத்த வானொலிப் பெட்டி பேசிக்கொண்டிருக்கும். குவளையைக் கையிற்பிடித்தவாறே அக்குரல் முடியுமட்டும் நின்று, பின்பு தொழிற்பேட்டை நோக்கி விரைவோர் பலர். தெருவில் நடப்பவர், வீடுவீடாக ஒலிக்கும் பெட்டிகளால் ஒரு சொல்லும் விடாது கேட்டுக்கொண்டே செல்லலாம் என்று அந்நாளில் மக்கள் கூறுவதுண்டு. இவ்வாறு பதினான்கு ஆண்டுகள் நடந்தது அந்நிகழ்ச்சி.

அவ்வுரையின் அமைப்பு யாது? ஒரு செய்தி முதலில் வரும். உடல்நலம் பற்றியதாகவோ, உறவு பற்றியதாகவோ, உயிரினங்களின் இயல்பு பற்றியதாகவோ, எங்கோ ஒரு நாட்டில் நிகழ்ந்தது பற்றியதாகவோ அஃது இருக்கும். அதனை ஒரு சிறுகதை தொடரும். இறுதியில், எதிர்பாராத ஓரிடத்தில், ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்து நிற்கும். உடனே உரை முடிந்துவிடும். அவர் சிரிப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை, 'இனி ஒரு வேடிக்கை கூறுகின்றேன்' என்று அறிவிப்பதும் இல்லை. ஊரில் திண்ணையில் அமர்ந்து அண்டை வீட்டாரிடம் பேசும் பேச்சு எவ்வாறு இருக்குமோ அவ்வாறே, மெதுவாகவும் ஒரே சீராகவும் அக்குரல் செல்லும். பேசுவோர் சிரியாமையால் சிரிப்பு முழுவதும் கேட்போர்க்கே உரியதாயிற்று.

அம்முறை விளங்குமாறு ஓர் எடுத்துக்காட்டினைப் புனைந்து காட்டலாம். இஃது அவர் கூறியதன்று. நினைவாற்றல் பற்றி உரை என்று கொள்வோம். நினைவாற்றல் குறைதற்குரிய காரணங்களை எளிய சொற்களால் கூறுகின்றார் ஒருவர். உறக்கக் குறைவும் கவலையும் எவ்வாறு நினைவைக் கெடுக்கும் என்று விளக்குகின்றார். பின்னர், 'நினைவாற்றலை வளர்ப்பதற்கு ஏழு வழிகள் உள்ளன என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். ஏழும் மிக எளியவை. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அந்தத் தாளை எங்கே வைத்தேன் என்பதுதான் நினைவில்லை' என்று முடிக்கின்றார். கேட்போர் சிரிப்பர். சிரித்துக்கொண்டே பேருந்தில் ஏறுவர். அலுவலகம் சென்றதும் அடுத்த நாற்காலியில் இருப்பவரிடம் அத்துணுக்கைச் சொல்ல விரும்புவர். துணுக்கைச் சொல்ல வேண்டுமாயின் முன்னே நடந்த செய்தியையும் சொல்லியாதல் வேண்டும். உறக்கக் குறைவு நினைவைக் கெடுக்கும் என்னும் செய்தி இவ்வாறு துணுக்கின் தோளில் ஏறிக்கொண்டு ஊர் சுற்றும். கசப்பு மருந்தைத் தேனிற் குழைப்பது பழைய முறை. இங்கே தேன் இறுதியில் வருகின்றது, மருந்தை மீண்டும் நினைக்கச் செய்கின்றது.

மேற்காட்டிய எடுத்துக்காட்டில் மற்றொன்றும் காணத்தக்கது. அதில் நகைக்கு இலக்காவோர் யார்? மருத்துவரல்லர், கேட்பவருமல்லர், தாளைத் தொலைத்த பேச்சாளரே. இவ்விடத்தில் தமிழ் இலக்கண நூலாரின் ஆராய்ச்சி பெரிதும் துணைசெய்கின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என வகுத்து, அவற்றுள் நகையை முதற்கண் வைத்தார். நகை தோன்றும் நிலைக்களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறினார். எள்ளலாவது இகழ்தல். இளமையாவது சிறுபிள்ளைத்தன்மை, மழலை கேட்டு நாம் சிரிப்பது இதனாலாம். பேதைமையாவது அறியாமை. மடனாவது பிறர் கூறியதை அவ்வாறே கொண்டு, கொண்டதனை விடாது பற்றி நிற்கும் எளிமை. உரைகாரர் இவற்றை மேலும் நுணுகி நோக்கினர். எள்ளல் பிறரைத் தான் எள்ளுவதும், பிறரால் தான் எள்ளப்படுவதும் என இருவகைப்படும் என்றனர். பல நூற்றாண்டுகட்கு முன்பே நகைச்சுவையின் இலக்கு யார் என்னும் வினாவைத் தமிழர் எழுப்பிவிட்டனர் என்பது இதனால் புலனாகும்.

தென்கச்சியாரின் நகை பெரும்பாலும் பேதைமையையும் மடனையும் நிலைக்களமாகக் கொண்டது. கணக்குத் தெரியாத கணக்கர், மறதி மிக்க பேராசிரியர், சொன்னதைச் சொன்னவாறே செய்யும் வேலையாள் போன்ற மாந்தர் இத்தகைய துணுக்குகளில் வருவர். இவர்களுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. எந்தத் தெருவிலும் இருப்பர், கேட்பவருக்குள்ளும் இருப்பர். இவர்களைக் கண்டு சிரிப்பவர், 'நாமும் நேற்று இவ்வாறுதானே செய்தோம்' என்று எண்ணிச் சிரிப்பர். அச்சிரிப்பில் காயம் இல்லை.

எள்ளலை முற்றிலும் விலக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகள் கும்மாளம்' என்னும் தொடர்நாடகத்தை அக்காலத்து நேயர் மறந்திலர். யாழ்ப்பாணத்தார் தமிழ், முசுலிம் மக்களின் தமிழ், சிங்களர் பேசும் தமிழ் எனப் பலவகைத் தமிழும் அதில் ஒன்றையொன்று எள்ளி விளையாடின. எசு. இராமதாசு எழுதிய அந்நாடகம் மக்களின் பெருவரவேற்பைப் பெற்று, 1976ஆம் ஆண்டில் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது. அவ்வெள்ளல் புண்படுத்தாமைக்குக் காரணம், எள்ளுவோரும் எள்ளப்படுவோரும் ஒரே வீட்டில் குடியிருந்தமையேயாம். இன்று நீ என்னை எள்ளினால் நாளை நான் உன்னை எள்ளுவேன் என்னும் சமநிலை அங்கே இருந்தது. சமநிலை இல்லாத இடத்தில் எள்ளல் வேறொன்றாக மாறிவிடுகின்றது.

தென்கச்சியாரைக் குறைகூறுவோரும் உளர். அவர் கூறிய கதைகளும் செய்திகளும் பல நூல்களிலிருந்து திரட்டப்பட்டவை, புதியன அல்ல என்பர் சிலர். இஃது உண்மையாயினும் குற்றமாகாது. பாட்டி கூறும் கதையில் எது பாட்டியின் சொந்தக் கதை? கூறும் முறையே கூறுவோரின் உடைமை. அவர் கூறிய துணுக்கையே மற்றொருவர் கூறக் கேட்டால் அதில் சுவையில்லாமை பலரும் அறிந்தது. துணுக்குகளுள் பழையன பல என்பர் வேறு சிலர். ஆம், பழையனவும் இருந்தன. நாள்தோறும் பேசுவோரிடம் ஒவ்வொரு நாளும் புதியதையே எதிர்பார்த்தல், நாள்தோறும் விருந்தே உண்ண விரும்புதல் போன்றது.

மூன்றாவது குறை ஒன்றுண்டு. அதனை எளிதில் தள்ளிவிடல் இயலாது. அவருடைய நகைச்சுவை அதிகாரத்தில் உள்ளோரைத் தீண்டவில்லை. எளியவரின் சிறு பிழைகளைக் கண்டே சிரித்தது என்பது அக்குறை. அனைத்திந்திய வானொலிக்கென வகுக்கப்பட்ட ஒலிபரப்பு நெறியில், கட்சிகளைப் பெயர் சுட்டித் தாக்கலாகாது, சமயங்களையும் இனங்களையும் பழிக்கலாகாது, நட்பு நாடுகளைக் குறைகூறலாகாது என்பன போன்ற விலக்குகள் பல உள்ளன. அரசு ஊழியராகிய ஒருவர் அவ்வரம்பினுள் நின்றுதான் பேச முடியும். வரம்பினுள் நின்றதனால் அவருக்குப் பண்பாட்டுப் பெருமை கொடுத்துவிடுதல் பொருந்தாது என்று கூறுவோரின் வாதத்தில் உண்மை உண்டு. அரசவையில் விகடகவி ஒருவனுக்கு இடம் இருந்தமை, மன்னனையும் எள்ளுதற்கு ஒருவன் வேண்டும் என்பதனாலேயாம். அவ்விடம் நம் வானொலியில் நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்தது.

தனியார் வானொலியில் மட்டும் அவ்விடம் நிரம்பியிருந்ததா எனின், அதுவும் இல்லை. அமெரிக்க நாட்டில் பிரெடு ஆலன் என்பவர் வானொலி நகைச்சுவையில் பெரும்புகழ் பெற்றவர். தம் நிகழ்ச்சியை ஒலிபரப்பும் நிறுவனத்தையே அவர் எள்ளுவார். 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், அந்நிறுவனத்தின் துணைத்தலைவர் பதவியை நகையாடும் பகுதியை அவர் பேசத் தொடங்கியதும், நிறுவனத்தார் ஏறத்தாழ அரை நிமிடம் ஒலியை அடைத்துவிட்டனர். அடைத்த செய்தி நாடெங்கும் பரவி, அவர் பேச எண்ணியிருந்த துணுக்கினும் பெரிய நகைச்சுவையாயிற்று. வானொலி அரசுடையதாயினும் வணிகருடையதாயினும், தன் உரிமையாளரை எள்ளும் சிரிப்பை அது விரும்புவதில்லை. எனவே, மேலே செல்ல வழியில்லாத எள்ளல் கீழே பாயத் தொடங்குகின்றது. இங்கேதான் இளைஞர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

சென்னையில் பண்பலை ஒலிபரப்பு 1977ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. இந்தியாவில் அதனை முதலிற் கண்ட நகரம் சென்னையே. ஆயினும், தனியார் பண்பலை நிலையங்கள் இந்நகரில் 2003ஆம் ஆண்டு முதல்தான் ஒலிக்கலாயின. அவற்றின் வரவால் நன்மைகள் பல விளைந்தன. பேச்சு விரைவு பெற்றது. இளைஞர் பலர்க்குத் தொழில் கிடைத்தது. தெருவில் பேசும் தமிழ் வானொலி ஏறிற்று. அவற்றோடு வேறொரு வழக்கமும் வந்தது. அறியாத ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, காவலர் போலவோ, கடன் கேட்பவர் போலவோ, உறவினர் போலவோ நடித்து, அவர் அஞ்சி உளறுவதனையும் வெகுண்டு கத்துவதனையும் ஊரார்க்கு ஒலிபரப்பிச் சிரிக்க வைப்பது அவ்வழக்கம். இறுதியில், 'இஃது இன்ன நிலையத்தின் வேடிக்கை' என்று கூறுவர். அழைக்கப்பட்டவரும் வேறு வழியின்றிச் சிரிப்பார். அவர் சிரித்தமையால் தீங்கில்லை என்று நடத்துவோர் கருதுவர். நான்கு இலட்சம் பேர் கேட்டுக்கொண்டிருக்கையில் அழுதுவிடாமல் இருப்பதற்காகச் சிரிக்கும் சிரிப்பும் உலகில் உண்டு என்பதனை அவர்கள் எண்ணுவதில்லை.

இதனை மிகைப்படுத்திக் கூறுவதாக எவரும் கருத வேண்டா. 2012ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், ஆசுத்திரேலிய நாட்டு வானொலியாளர் இருவர், பிரித்தானிய அரசியார் போலவும் இளவரசர் போலவும் குரலை மாற்றிக்கொண்டு, இலண்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றினைத் தொலைபேசியில் அழைத்தனர். அரச குடும்பத்து இளம்பெண் ஒருவர் அங்கே மருத்துவம் பெற்றுவந்த சமயம் அது. அழைப்பை எடுத்த செவிலியர் அதனை மெய்யென நம்பி, நோயாளியின் பகுதிக்கு இணைத்துவிட்டார். நோயாளியின் நிலை பற்றிய பேச்சு ஒலிபரப்பப்பட்டது. உலகமெல்லாம் அதனைக் கேட்டுச் சிரித்தது. மூன்றாம் நாள் அச்செவிலியர் தம் உயிரை நீத்தார். அந்நிகழ்ச்சியும் பின்னர் நிறுத்தப்பட்டது. ஒருவர் உயிர்நீத்தற்குக் காரணங்கள் பல இருத்தல் கூடும். அவற்றை வெளியாரால் அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும், அச்செவிலியர் செய்த பிழை யாது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வந்த அழைப்பை அவர் நம்பினார், அவ்வளவே. தொல்காப்பியர் கூறிய மடன் என்பது இதுவன்றோ? கேட்டதை நம்பும் எளிமை நகைக்கு நிலைக்களம் என்றுதான் அப்பெரியார் கூறினார். அதனை வேட்டைக்களம் ஆக்குக என்று கூறவில்லை.

இவ்விரண்டு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம்பிக்கை என்னும் ஒரு பொருளே இரண்டிற்கும் முதலாக இருத்தல் விளங்கும். உழவர் வானொலியை நம்பியமையால் ஒரு நெல் 'ரேடியோ நெல்' ஆயிற்று. அந்நம்பிக்கையைத் தென்கச்சியார் காலைதோறும் சிறிது சிறிதாக வளர்த்தார். குரல் போலி நிகழ்ச்சியோ, குரலைக் கேட்டதும் மக்கள் நம்பிவிடுவர் என்னும் அதே இயல்பைச் செலவழித்துச் சிரிப்பை விலைக்கு வாங்குகின்றது. செலவு மட்டும் உள்ள இடத்தில் முதல் எத்தனை நாள் நிற்கும்? தொலைபேசியில் அறியாத குரல் கேட்டவுடன், 'எந்த நிலையத்திலிருந்து பேசுகிறீர்கள்?' என்று மக்கள் கேட்கத் தொடங்கியபோதே அம்முதல் கரைந்துவிட்டது எனலாம்.

சென்னை நிலையத்தில் உதவி நிலைய இயக்குநராக உயர்ந்த தென்கச்சியார் 2002ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின்னரும் மக்கள் அவரை விடவில்லை. தொலைக்காட்சியில் 'இந்த நாள் இனிய நாள்' என்னும் தலைப்பில் பேசினார். முகம் தெரிந்தபோதும் அவர் சிரித்தாரல்லர். வானொலியிற் பேசியவாறே பேசினார். வானொலி உரைகள் பல தொகுதிகளாக அச்சேறின. 2009ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

அச்சான தொகுதிகளைப் படிப்போர்க்கு ஓர் ஐயம் தோன்றும். இத்துணுக்கிற்கா நாம் அன்று அவ்வளவு சிரித்தோம் என்பதே அவ்வையம். தாளில் சொற்கள் உள்ளன; ஆனால் இறுதிச் சொல்லுக்கு முன் அவர் விட்ட இடைவெளி தாளில் இல்லை. அரை நொடியோ ஒரு நொடியோ அவர் நிறுத்துவார். அந்நேரத்தில் கேட்பவர் தாமே முடிவினை ஊகிக்க முற்படுவர், ஊகம் பொய்க்கும், சிரிப்பு எழும். அச்சிற் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் உண்டு; அவ்விடைவெளியைக் குறிக்கும் புள்ளியை இதுவரை எவரும் கண்டிலர். நம் புலவர் பெருமக்கள் எழுத்தில் உள்ளதனையே இலக்கியம் எனக் கொண்டு, காற்றில் கலந்த பேச்சினைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கதாகாலட்சேபம் செய்தோரையும் வில்லுப்பாட்டுப் பாடியோரையும் அவ்வாறே மறந்தோம். உரைநடை வரலாறு எழுதுவோர், வானொலிப் பேச்சிற்கும் ஓர் இயல் ஒதுக்குதல் முறை. அவ்வியலில் தென்கச்சியார்க்கு இடம் அளிக்காமற் போவது நேர்மையாகாது. ஒலிப்பதிவுகள் கிடைக்கும்போதே அவற்றைப் பேணிவைத்தல், அவர் பெயரால் விழா எடுத்தலினும் பயனுடையது.

மீண்டும் கிண்டிக்கு வருவோம். சில கல் தொலைவே எட்டும் ஒலியுடைய நிலையத்தில் பேசுவோர்க்கு, நாடெங்கும் ஒலிக்கும் நிலையத்தார்க்கு இல்லாத ஒரு நிலைமை உண்டு. அவருடைய பேச்சைக் கேட்டவர் அடுத்த தெருவிலேயே இருக்கின்றார். காலையில் எள்ளப்பட்ட காய்கறி விற்கும் அம்மையார், மாலையில் வளாகத்து வாயிலருகே கூடையோடு அமர்ந்திருப்பார். நிகழ்ச்சி முடித்து வெளியே வரும் மாணவர் அவரைக் கடந்துதான் பேருந்து நிறுத்தத்திற்குச் செல்லவேண்டும். அம்மையார் நிமிர்ந்து பார்த்து, 'தம்பி, காலையில பேசினது நீதானா?' என்று கேட்பார். அப்போது அம்மாணவர் நின்று விடை சொல்ல முடியுமா, தலையைக் குனிந்துகொண்டு விரைவாரா என்பது, அன்று காலை அவர் ஒலிவாங்கியின்முன் யாரைக் கொண்டு சிரிக்க வைத்தார் என்பதனைப் பொறுத்தது.